கதவுக்கு வெளியே மேய்ந்தது

இரவு இரண்டு மணிக்கு யாரும்
வீரத்தோடு எழுந்து போவதில்லை.
வயிறு சொன்னது, போனேன்.
வீட்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவே இருபத்திரண்டு அடி.
போகும்போது அது வெறும் நிலம்.
திரும்பலாமென்று தகரக் கதவைத் திறந்தால்
நிலத்தின் நடுவில் ஒரு பாறை.

மாலைவரை அங்கே பாறை இல்லை.
டார்ச்சை அடித்தேன்.
பாறைக்குக் காது இருந்தது.
காது ஒருமுறை சுழன்று
ஈயை உதறுவதுபோல் வெளிச்சத்தை உதறியது.

சாத்திக்கொண்டேன்.
கொக்கி என்ற பெயரில் வளைந்த ஓர் ஆணி.
ஆயிரத்தைந்நூறு கிலோவுக்கும் எனக்கும் இடையே
ஒற்றைத் தகரம்,
அதில் போன தேர்தலில் தோற்றவரின் சிரிப்பு.

தெம்போவை அழைத்தேன்.
வீட்டுக்குள் அவன் போன் பாடுவது எனக்கே கேட்டது,
பாடி ஓய்ந்தது, மறுபடி பாடியது.
மீன்துறையிலிருந்து வந்து சாய்ந்தவனை
ஏரியே எழுந்து வந்து கூப்பிட்டாலும் எழமாட்டான்.
கசிங்கா கால்வாய்க் கரையில் பாதி ஊரின் போன்களுக்கு
சார்ஜ் ஏற்றித் தருகிறவள் நான்.
என்னுடையதில் ஒன்பது சதவீதம்.

ரேஞ்சர் அசீம்வே எடுத்தார், தூக்கத்தின் அடியிலிருந்து.
"எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, பீரா?"
வாழையைப் பார்த்து.
"அதற்கும் தண்ணீருக்கும் குறுக்கே மட்டும் போகாதே."
நான் கழிப்பறையில் இருக்கிறேன், ஐயா.
"நல்லது. அங்கேயே இரு."
நாலு சதவீதம்.

அப்புறம் ஓசை மட்டும்.
புல்லை அது கடிப்பதில்லை, உதட்டால் பறிக்கிறது.
பழைய போர்வை ஒன்றை யாரோ
அவசரமில்லாமல் கிழித்துக்கொண்டே போவதுபோல்.
நடுநடுவே பெருமூச்சு.
மாதக் கடைசியில் கணக்கு நோட்டை மூடும்போது
நான் விடுவேனே,
அதே மூச்சு.

காட்டுப்பன்றி என் கடை மேசைக்கடியில் மண்டியிட்டு
ஒயர்களை முகர்ந்த பகல் உண்டு.
யானை மைதானத்தைக் கடந்து முடிக்கும்வரை
பிள்ளைகளை வகுப்பிலேயே இருத்தி
அதே கழித்தல் கணக்கை மூன்றுமுறை போட்ட மாலை உண்டு.
சொல்லாமல் வந்து நிற்பதில் இவை
என் நாத்தனார் மசிக்காவைவிட மோசம்.
இதையெல்லாம் சிரித்துச் சொல்லலாம்.

மசெரேக்காவை அப்படிச் சொல்ல முடியாது.
போன மழையில், விடியலில், கரையோரம், வலையைத் தோளில் போட்டுக்கொண்டு.
'எதிர்பாராமல் எதிர்ப்பட்டது' என்று அறிக்கையில் எழுதினார்கள்.
யார் யாருக்கு எதிர்ப்பட்டது என்று எழுதவில்லை.
அவன் போன் என் கடையில்தான் இருந்தது.
முழு சார்ஜ்.
அவன் மனைவி வந்து வாங்கும்போது
காசு எடுத்து நீட்டினாள்.

அதை நினைத்தேன். முழங்கால் நடுங்கியது.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
பிறகு அந்தக் கிழிசல் ஓசையைக் கேட்டுக்கொண்டே
சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

வெளிச்சம் வந்து கதவைத் திறந்தபோது
பல்துலக்கும் பிரஷோடு தெம்போ:
"இங்கேயா இருந்தாய்?"

சர்க்கரைவள்ளிப் பாத்தி இரண்டு காணோம்.
வாசலில் விட்டுப்போன என் இடது செருப்பு
சேற்றில் ஒரு படமாகியிருந்தது.
நான்கு விரல் பள்ளம் ஒன்றில் தண்ணீர் ஊறி நிற்க
பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு அதில் குடித்துக்கொண்டிருந்தது,
அதற்கென்று வைத்த கிண்ணம் மாதிரி.

இழப்பீட்டுப் படிவத்தில் பாத்தி இரண்டு என்று எழுதினேன்.
செருப்பு ஒன்று என்றும்.
"செருப்புக்குத் தரமாட்டார்கள்" என்றார் அசீம்வே.
தெரியும். எழுதிக்கொள்ளுங்கள்.
சம்பவ நேரம் என்ற கட்டத்தில்
இரண்டு மணி முதல் என்று தொடங்கி
எதுவரை என்று தெரியாமல் கோடு போட்டேன்.

நேற்றும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
வயிறு ஒன்றும் சொல்லவில்லை.
கிடந்தபடியே காது கொடுத்தேன்.
தவளைகள்,
தூரத்தில் ஒரு படகு மோட்டார்,
இந்தப் பக்கம் தெம்போவின் குறட்டை.
போர்வையை யாரும் கிழிக்கவில்லை.
வெகுநேரம் தூக்கம் வரவில்லை.